கப்பலுக்கு இரண்டரை மாதம் குறைவு

1

மயிலாப்பூரிலிருந்து அண்ணன் கடிதம் வந்திருக்கிறது. மூன்றே வரி. "கொழந்த கப்பல் ஏறிடுச்சா இல்லியா? ஒரு வரி எழுதிப் போடு. உங்க அண்ணி தெனம் கேட்டு என் உசுர வாங்குறா."

ஒரு வரியில் சொல்லக்கூடியதாக இருந்தால் எப்போதோ எழுதிப் போட்டிருப்பேன். வேலை முடிந்து வந்து காலை நீட்டினால் மறுபடி எழுந்திருக்க உடம்பு கேட்பதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. சாமிக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அண்ணனுக்கு மட்டுமல்ல, ஊரில் விசாரிக்கிற எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று. என் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தில், கிரைஸ்ட்சர்ச் என்கிற ஊர். பள்ளிக்கூடத்து உருண்டையில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனால் கடைசியாக மனுஷர்கள் இருக்கிற இடங்களில் ஒன்று. அதற்கும் கீழே பனிக்கண்டம்தான். என் மனைவி சரோஜா நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவள் பின்னால் நானும் மகளும் வந்தோம், ஆறு வருஷம் ஆயிற்று. தி. நகர் ஜவுளிக்கடையில் பதினேழு வருஷம் புடவை மடித்தவன் நான். இங்கே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். புடவையாவது ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

இப்போது மார்கழி. விடியலில் குளித்துச் சாமி கும்பிடலாமென்று எழுந்தால், சூரியன் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கும் போக மனமில்லாமல் நிற்கிறது. இந்த ஊரில் எனக்குப் பழகாத எத்தனையோ விஷயங்களில் இதுவும் ஒன்று.

2

மகள் பெயர் கற்பகம். எங்கள் அம்பாள் பெயர். இங்கே அவளோடு படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "கார்ப்பி" என்று கூப்பிட்டார்கள். முதலில் அழுதாள். பிறகு போனை எடுத்து அவளே "கார்ப்பி பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு அழுதது நான்.

போன வருஷம் ஒருநாள், சாப்பிடும்போது சொன்னாள். "அப்பா, பனிக்கண்டத்துக்கு ஒரு கப்பல் போகுது. பல தேசத்துப் பசங்க போறாங்க. என்னை எடுத்திருக்காங்க."

"எதுக்கும்மா?"

அவள் விவரமாகத்தான் சொன்னாள். முன்னே அங்கே போனவர்கள் விட்டுவிட்டு வந்த துருப்பிடித்த டீசல் பீப்பாய்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார்களாம். அங்கே ஒரு சின்ன வீடு, அதில் டீசலே இல்லாமல் காற்றாலையும் சூரியத் தகடும் வைத்து விளக்கெரித்து, அடுப்பெரித்துக் காட்டுவார்களாம். அந்தக் குளிரிலேயே முடியுமென்றால் நம் ஊர்களில் ஏன் முடியாது என்று உலகத்துக்குச் சொல்வதற்காகவாம். அங்கிருந்தே பள்ளிக்கூடங்களுக்குப் பாடமும் சொல்வார்களாம்.

"அங்க யாரும்மா இருக்கா, பாடம் கேக்க? பென்குயினா?" என்றேன்.

"ரேடியோலப்பா. இங்க இருக்கற ஸ்கூலுங்களுக்கு. எரிஞ்சு தீர்ந்துபோற சக்தி இல்லப்பா இது. தீராத சக்தி." தமிழில் வார்த்தை தேடிப்பிடித்துச் சொன்னாள். தீராத சக்தி என்றதும் என் கை தானாகக் குவிந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

சரோஜாவுக்குச் சந்தோஷம். எனக்குக் கவலை. கப்பல் என்ன ஆகும், என்ன சாப்பிடுவாள், பனி பிளந்துகொண்டால் யார் தூக்குவார்கள் என்று ஆயிரம். அதற்கெல்லாம் அடியில் ஒன்று இருந்தது. கார்ப்பி என்று போன பெண் அதற்கும் அப்பால் போனால் திரும்ப யாராக வருவாளோ என்று.

வாய் திறந்து போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் அப்பன் அப்படிச் சொன்னால் பிள்ளைகள் ஒரு பார்வை பார்க்கிறார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தேன்.

விதி ஒன்று இருந்தது. கப்பல் புறப்படும் நாளில் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். காப்பீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். கற்பகத்துக்குச் சான்றிதழே வாங்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பள்ளிக்கூடத்து டி.சி.யைக் காட்டித்தான் எடுத்தோம்.

"அது மெட்ராஸ்ல கெடைக்கும்" என்றேன். "லீவுக்குப் போறப்போ வாங்கித் தரேன்."

சொல்லும்போதே எனக்குத் தெரியும், அந்தச் சான்றிதழில் என்ன இருக்கும் என்று.

3

ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கற்பகம் மாசி மாதம் மக நட்சத்திரத்தில் பிறந்தவள். எண்பதாம் வருஷம். எண்பத்து நாலு ஜூனில் அவளுக்கு நாலு வயதும் கொஞ்சமும். ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து முடிந்திருக்க வேண்டும். சரோஜா அப்போது மூன்று ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குக் கடை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

"ஒரு வருசம் ஊட்ல ஒக்கார வச்சு இன்னாடா பண்ணப் போற? இஸ்துக்கினு வா, நான் பேசறேன்" என்று அண்ணன்தான் கூட்டிப் போனான். டீச்சர் குழந்தையின் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னாள். தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று கணக்கு. கற்பகத்துக்குக் கை நீளம். கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, தொட்டேவிட்டாள். "கெட்டிக்காரி" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே எழுபத்தொன்பது மே முதல் தேதி என்று எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மே மாதத்தில் பிறந்தவர்கள்.

டி.சி.க்குப் போன தேதி பாஸ்போர்ட்டுக்குப் போனது. பாஸ்போர்ட்டோடு கடல் தாண்டியது.

மே என்பது "ஸ்கூல்ல போட்ட தேதி", நிஜப் பிறந்தநாள் மாசியில் என்று கற்பகத்துக்குத் தெரியும். அந்த வருஷமும் பொய் என்று தெரியாது. அவள் தன்னை எழுபத்தொன்பது மாசியில் பிறந்தவள் என்றே நினைத்திருந்தாள். கப்பல் புறப்படுவது தொண்ணூற்றேழு டிசம்பர். பாஸ்போர்ட்டுப்படி அவளுக்குப் பதினெட்டு முடிந்து ஏழு மாதம். நிஜத்தில் இரண்டரை மாதம் குறைவு.

4

இந்த வருஷம் ஆடி மாதம் ஊரில் வந்து இறங்கினோம். சரோஜாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் கற்பகமும்தான். மெட்ராஸைச் சென்னை என்று மாற்றிவிட்டார்கள். மயிலாப்பூரை ஒட்டி மந்தைவெளியில் அண்ணன் வீடு, அதே மூன்றாவது மாடி, அதே தண்ணீர்க் குடங்கள்.

கப்பல் குழுவின் தலைவி ஒரு முன்னாள் பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு பிள்ளையும் போவதற்கு முன்னால் நாலு பள்ளிக்கூடத்திலாவது போய்ப் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தாள். கற்பகம் தான் படித்த பள்ளிக்கூடத்துக்கே போனாள். அட்டைப்பெட்டிக்குள் கறுப்புக் காகிதம் ஒட்டி, மூடியில் வெள்ளித் தாள் ஒட்டி, மேலே ஒரு கண்ணாடி வைத்து, மொட்டை மாடியில் வெயிலுக்கு எதிரே நிறுத்தினாள். உள்ளே ஒரு கறுப்புச் சட்டி, அரிசி, தண்ணீர். நெருப்பில்லாமல் சோறு.

ஆறாம் வகுப்புப் பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்தார்கள். ஒரு வாயாடி எழுந்தாள். "அக்கா, அங்க ஆறு மாசம் இருட்டாமே. அப்ப எப்டி வேவும்?"

"நாங்க போறது வெளிச்ச மாசத்துல. சூரியன் படுக்கவே படுக்காது. இருட்டு வந்தா காத்து இருக்கு. அங்க அடிக்கிற காத்துல நின்னா நீ பறந்துடுவ."

"என்னிய உடுக்கா. எங்க மிஸ்ஸு பறப்பாங்களா?"

மிஸ் கனத்த சரீரம். அவரே முதலில் சிரித்ததால் மாடியே அதிர்ந்தது.

"காத்தாலைய நான் பாத்துகீறேன்க்கா" என்றாள் இன்னொருத்தி. "நாகர்கோயில் போற வழியில. பஸ்ஸே நின்னுக்கினு கீற மாதிரி, அது மட்டும் சுத்தும்."

"அதேதான். அதோட தங்கச்சி மாதிரி ஒரு சின்னது எங்க கப்பல்ல இருக்கு. அதைப் பாத்துக்கறதுதான் என் வேலை."

சோறு வேக மத்தியானம் ஆகிவிட்டது. ஆளுக்கு நாலு பருக்கை கிடைத்தது. பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்த பியூனுக்குக் கற்பகம் தாங்க்ஸ் சொன்னாள். கதவைத் திறந்ததற்கு ஒரு தாங்க்ஸ். ரிக்‌ஷா கூப்பிட்டதற்கு ஒரு தாங்க்ஸ். "எதுக்கும்மா எல்லாத்துக்கும் தாங்க்ஸ் சொல்லிக்கினே கீற, நான் எங்கியாச்சும் போறேனா?" என்று அவர் அவளையே கேட்டார்.

நான் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரைஸ்ட்சர்ச்சில் அவள் முகத்தை நான் இப்படிப் பார்த்ததில்லை. பெருமையாகத்தான் இருந்தது. பெருமை வந்தால் பயம் போகும் என்பார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்து ஏறியது.

மத்தியானங்களில் தேனாம்பேட்டையில் பெரியப்பா கடைக்குப் போய்விடுவாள். அண்ணனுக்கு மோட்டார் காயில் கட்டுகிற தொழில். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியைச் சுற்று எண்ணி மறுபடி சுற்றுவது. காற்றாலைக்கு உள்ளேயும் அதே செம்புதானாம். பனியில் அது எரிந்துபோனால் தானே கட்டத் தெரிய வேண்டும் என்று கற்றுக்கொண்டாள்.

"நான் பெத்த ரெண்டு பசங்களும் இந்தக் கடைக்குள்ள வந்து ஸ்குரு டிரைவர் தொட்டதில்லடா" என்று அண்ணன் என்னிடம் சொன்னான். "இது இன்னாடான்னா பூமியோட பாதத்துல போய் காயில் கட்டப் போவுது."

5

அவள் பிறந்த ஆஸ்பத்திரி இருந்த வட்டத்து மாநகராட்சி அலுவலகத்துக்குத் தனியாகத்தான் போனேன். நீ வெயிலில் வர வேண்டாம் என்று கற்பகத்திடம் சொன்னேன்.

மனு எழுதிக் கொடுத்து, வரிசையில் நின்று, கையெழுத்துக்காக இன்னொரு அறைக்குப் போய், அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார் என்று காத்திருந்து, பதிவேடு இருக்கிற மேஜைக்கு வந்து சேரும்போது மணி மூன்று. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்.

"எந்த வருசம் சார்?"

"எழுபத்தொன்பது" என்றது என் வாய். பதிமூன்று வருஷமாகச் சொல்லிப் பழகின வாய்.

அந்த அம்மாள் பொறுமையாகப் பக்கம் பக்கமாக விரல் ஓட்டினார். "இல்லியே சார். பதிவுல இல்லைன்னு எழுதித் தரட்டுமா? அத ஸ்கூல் சர்டிபிகேட்டோட சேத்து எங்க வேணாலும் காட்டலாம். நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க."

வீட்டில் சொன்னதும் அண்ணன் தொடையில் தட்டினான். "மேட்டர் ஓவர்! நீயும் பொய் சொல்லல, அவங்களும் பொய் சொல்லல. எழுபத்தொன்பதுல இல்ல, அதான நெஜம்? வாங்கினு வந்து கொழந்த கைல குடுத்துட்டு வாய மூடிக்கினு இரு."

அடுத்த நாள் அதே வரிசையில் நிற்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஒரு காகிதம் அவளை அனுப்பும். அதே பதிவேட்டில் ஒரு வருஷம் தள்ளி இருக்கிற இன்னொரு காகிதம் அவளை நிறுத்தும். நான் ஒரு வார்த்தை தடுக்க வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால் போதும். உண்மையைச் சொன்ன அப்பனை யார் என்ன சொல்ல முடியும்?

"அம்மா, எண்பது பாருங்க. மாசி மாசம்."

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நேத்து எழுபத்தொன்பதுன்னீங்க. பெத்த கொழந்த எப்பப் பொறந்துதுன்னு தெரியாதா சார்? இந்த ஆம்பளைங்களே இப்படித்தான். அடுத்த வாட்டி வீட்டம்மாவக் கூட்டினு வாங்க."

ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. என் பெயர், சரோஜா பெயர், தேதி. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. பெண் என்று மட்டும். பெயர் சேர்க்க இன்னும் இரண்டு நாள் நடந்தேன். நடந்த களைப்பே தெரியவில்லை. சான்றிதழைச் சட்டைப்பையில் மடித்து வைத்தபோது இரண்டரை மாதம், இரண்டரை மாதம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நேராகக் கோவிலுக்குப் போய்த் தேங்காய் வாங்கினேன்.

6

கற்பகாம்பாள் சந்நிதியில் கூட்டமில்லை. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார். "யார் பேருக்கு அர்ச்சனை?"

"கற்பகம். சிம்ம ராசி, மக நட்சத்திரம்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். பள்ளிக்கூடத்தில், பாஸ்போர்ட் ஆபீஸில், இமிகிரேஷனில், கேட்ட இடத்திலெல்லாம் பொய்த் தேதி எழுதியிருக்கிறேன். அம்பாளிடம் மட்டும் ஒருநாளும் நட்சத்திரத்தை மாற்றிச் சொன்னதில்லை. இன்றைக்கும் மாற்றவில்லை. ஆனால் என்ன வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன்? அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லி, நட்சத்திரத்தைச் சொல்லி, அது ஆசைப்பட்டது அதற்குக் கிடைக்காமல் போனதற்காக நன்றி சொல்ல வந்திருக்கிறேன். அர்ச்சனை முடிந்து குங்குமம் கொடுத்தார்கள். கையில் வாங்கினேன். நெற்றியில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஆட்டோ பிடித்துத் தேனாம்பேட்டை போனேன். கற்பகம் கடையில் ஸ்டூல் மேல் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். வாயால் சுற்றை எண்ணிக்கொண்டே கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினாள்.

"தப்பா போட்டிருக்காங்கப்பா. எண்பதுன்னு இருக்கு."

"அதாம்மா சரி."

அண்ணன் கையிலிருந்த குறட்டை மேஜையில் போட்டான். "டேய்! உன்னாண்ட இன்னா சொல்லி அனுப்புனேன் நானு?"

எல்லாவற்றையும் சொன்னேன். காதைத் தொட்டது, டீச்சர் எழுதினது, நான் கையெழுத்துப் போட்டது. அவள் விரல் விட்டு எண்ணினாள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி.

"கொழந்த, ஒண்ணும் கெட்டுப் போவல" என்று அண்ணன் குறுக்கே வந்தான். "பதிவுல இல்லைன்னு அவங்களே வேற பேப்பர் தரேன்னாங்க. இவன்தான் வாணாம்னு இத வாங்கினு வந்துகீறான். இத மடிச்சு உள்ள வையி. நாளைக்கே நான் போய் அத வாங்கினு வரேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"பயம்."

"இப்ப ஏன் சொன்ன?"

உண்மைக்காக என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அண்ணன்கூட நம்பியிருப்பான்.

"இந்தத் தேதிதான் உன்னை நிறுத்தும்னு தெரிஞ்சுதாம்மா கேட்டு வாங்கினேன். கையில வந்தப்போ சந்தோஷமா இருந்துச்சு. கோவிலுக்குப் போய்த் தேங்காகூட ஒடச்சேன்."

கற்பகம் திரும்பவும் கம்பியை எடுத்தாள். நாலு சுற்றுச் சுற்றினாள். எண்ணிக்கை விட்டுப்போயிருக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்தக் காயில் முடிகிறவரை நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

சாயங்காலம் லஸ் முனையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து தலைவிக்கு அவளே ஃபேக்ஸ் அனுப்பினாள். சான்றிதழையும் சேர்த்து அனுப்பினாள். அண்ணன் பூத் வாசல் வரை வந்து, "இன்னொருவாட்டி ரோசன பண்ணு நைனா" என்று கெஞ்சினான். ஆண் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரிதான் அவளைக் கூப்பிடுவான். "என் காத்தாலைக்கு ஏதாவது ஆச்சுன்னா அங்க எல்லாரும் என்னைத்தான் நம்பி இருப்பாங்க பெரியப்பா" என்று மட்டும் சொன்னாள்.

பதில் இரண்டு நாளில் வந்தது. வருத்தமாக இருக்கிறது, விதியை மாற்ற முடியாது, அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போடு, உன் நேர்மைக்கு நன்றி. கற்பகம் இங்கிலீஷில் படித்து, பெரியம்மாவுக்காகத் தமிழிலும் சொன்னாள். நேர்மை என்கிற இடத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கப்பல் கெளம்பறதுக்குள்ள மனசு மாறிக் கூப்புடுவாங்க பாரு" என்று அண்ணன் மட்டும் விடவில்லை.

அன்றிரவு போனில் சரோஜாவிடம் எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள்.

7

அண்ணா, நீ கேட்ட ஒரு வரி இதுதான்: ஏறவில்லை.

திரும்பி வந்து நாலு மாதம் அவள் என்னோடு பேசின வார்த்தைகளை எண்ணிவிடலாம். சாவி எங்க. சாப்டாச்சு. பஸ் போயிடுச்சு. கோபமாகப் பேசினால்கூடத் தேவலை என்று இருந்தது. நான் விரிப்பு மடித்தேன், வந்தேன், விளக்கேற்றினேன், படுத்தேன்.

போன வாரம் கப்பல் புறப்பட்டது. எங்கள் ஊரிலிருந்து மலைக்கு அந்தப்பக்கம் லிட்டல்டன் என்று துறைமுகம். "நான் போறேன், வேணும்னா வா" என்றாள். சரோஜாவுக்கு வேலை. நான் போனேன்.

நான் நினைத்ததைவிடச் சின்னக் கப்பல். பின்பக்கம் ஒரு கம்பத்தில் மூன்று இறக்கையோடு அந்தக் காற்றாலை, துறைமுகக் காற்றுக்கே கிறுகிறுவென்று சுற்றியது. கற்பகத்தின் இடத்தில் போகிறவள் முகமெல்லாம் செம்புள்ளி விழுந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். கற்பகம் அவளிடம் கருவிப் பையைக் கொடுத்து, ஒவ்வொன்றாக எடுத்து எது எதற்கு என்று சொன்னாள். எந்த மரை இடப்பக்கம் திருகும், குளிரில் எந்தக் கம்பியைக் கையுறையில்லாமல் தொடக்கூடாது என்றெல்லாம். அவசரப்படவில்லை. அந்தப் பெண் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள்.

என் பையில் திருநீறு இருந்தது. என்ன தோன்றியதோ, பொட்டலத்தைப் பிரித்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். சாப்பிட வேண்டுமா என்று கேட்டாள். கற்பகம் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் குனிந்தாள். நான் இட்டுவிட்டேன். அவளுடைய அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கின கையை விடாமல் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு பேச எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. பேசவும் வேண்டியிருக்கவில்லை.

கப்பல் கண்ணுக்கு மறைகிறவரை கற்பகம் நின்றாள். அழவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலையைக் குடைந்து போட்ட சுரங்கப் பாதைக்குள் பஸ் நுழைந்தது. அந்த மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில், என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"தேதி போனதுகூடப் பரவாயில்லப்பா. அது நாலு வயசுல நடந்தது. தேங்கா ஒடச்சேன்னு சொன்ன பாரு, அதைத்தான் தாங்க முடியல."

"சொல்லாம இருந்திருக்கணுமா?"

"இல்ல."

பஸ் வெளியே வந்தது. வெயில் முகத்தில் அடித்தது.

"அடுத்த வருஷம் மறுபடி அப்ளிகேஷன் போடப் போறேன். உன்னை ஒண்ணும் கேக்கல. சந்தோஷமா வழியனுப்புன்னு கேக்கல. அழறதுன்னா அழு. எங்கிட்ட நேரா அழு. சாமிகிட்டப் போய் எனக்கெதிரா எதையும் வேண்டிக்காத."

"அழுவேன்" என்றேன்.

"சரி" என்றாள்.